சூஃப்ரியேர் பயணம்: முடிவு செய்ய வேண்டியவை

எல்லாருக்கும் வணக்கம். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் தங்க சூஃப்ரியேர் ஊரையே முடிவு செய்துவிடலாம். ஊருக்குத் தெற்கே இரண்டு பிட்டோன் மலைகளும் கடலோரத்திலேயே செங்குத்தாக எழுந்து நிற்கும். யுனெஸ்கோ 2004இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம்.

டிக்கெட் போடும்போது கவனம். தீவில் இரண்டு விமான நிலையங்கள். தீவின் தெற்கே இருக்கும் ஹெவனோராதான் நமக்கு வசதி. வடக்கே தலைநகர் காஸ்ட்ரீஸ் பக்கம் இறங்கினால் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை, தலைசுற்றல்காரர்கள் பாவம்.

இரண்டு மலைகளில் உயரமான குரோ பிட்டோன் 798 மீட்டர். வழிகாட்டியோடு விடியற்காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் கால் நகராது. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் கீழேயே இருங்கள், டைமண்ட் அருவித் தோட்டம் இருக்கிறது.

மறுநாள் கந்தக ஊற்று. சாம்பல் நிறச் சேறு கொதித்துக் குமிழ் விடும், அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். அங்கே சேற்றுக் குளியலும் உண்டு. பழைய நீச்சலுடை போதும், கறை போகாது. வெள்ளிக் கொலுசு, மோதிரத்தை அறையிலேயே கழற்றி வையுங்கள், கறுத்துவிடும்.

அப்புறம், ராணுவ உடை போலத் திட்டுத் திட்டாக நிறம் போட்ட டீ-ஷர்ட், தொப்பி எதுவும் வேண்டாம். அங்கே சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே புழங்கும் பணம் கிழக்குக் கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிடைக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதனால் பிப்ரவரி அல்லது மார்ச் என் விருப்பம். சரி, யாருக்கு எந்த மாதம் விடுப்பு கிடைக்கும் என்று ஞாயிறுக்குள் இங்கேயே எழுதுங்கள்.