கால்சியத்தை உள்ளே கொண்டுபோகும் மூலக்கூறு

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் செல் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் எனக்கே வேலை கிடைத்த மாதிரி சந்தோஷம். நான் இந்தப் பருவத்தில் வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு, செல் சவ்வு பாடத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அதனால் அவள் கேட்ட கேள்வி சரியான நேரத்தில் வந்தது. கால்சியம் அளக்கும் சோதனையில் கடைசியில் ஏன் அயனோமைசின் என்ற, கால்சியத்தைச் சுமந்து செல்லும் மருந்தைச் சேர்க்கிறார்கள்?

செல்லுக்கு வெளியே கால்சியம் 1 முதல் 2 மில்லிமோலார் வரை இருக்கும். உள்ளே சைட்டோபிளாசத்தில் 100 நானோமோலார் அளவுதான். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! இதைக் காப்பாற்ற செல் தன் ஆற்றல் நாணயமான ஏடிபி-யை ஓயாமல் செலவழிக்கிறது. இரண்டு நேர்மின்சுமையும் சுற்றிலும் நீர் மூலக்கூறுகளும் கொண்ட கால்சியம் அயனியால் சவ்வின் கொழுப்பைத் தானாகக் கடக்க முடியாது.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் காங்லோபேட்டஸ் என்ற பாக்டீரியா தயாரிக்கும் அயனோமைசினால் கால்சியத்தைச் சுமந்துகொண்டு கடக்க முடிகிறது. அதன் ஆக்சிஜன் அணுக்கள் நீரின் இடத்தைப் பிடித்து அயனியைச் சூழ்ந்துகொள்கின்றன. வெளிப்புறம் கொழுப்போடு ஒத்துப்போகிற கார்பன் சங்கிலி. இரண்டு புரோட்டான்களை விட்டுவிட்டு ஒரு கால்சியத்தை ஏற்பதால் மொத்தத்தில் மின்சுமை இல்லை. மறுபக்கம் கால்சியத்தை இறக்கிவிட்டு, புரோட்டான்களோடு திரும்பி வரும். அப்புறம் மறுபடியும் அதே பயணம். இதற்கு முன்பே தெரிந்திருந்த ஏ23187 என்ற இதே வகை மருந்தில் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால்தான் ஒரு கால்சியத்தைத் தூக்க முடியும். புற ஊதா ஒளியில் அதுவே ஒளிர்வதால் கால்சியத்தின் அளவை ஒளியால் காட்டும் ஃபுரா-2 சாயத்தோடு சேர்த்து வைத்தால் அளவீடு குழம்பும். அயனோமைசினில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். அயனோமைசின் போட்டதும் கால்சியம் உள்ளே பாய்ந்து சாயம் நிறைந்துவிடும். அது உச்ச அளவு. பிறகு ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து கால்சியத்தைப் பிடித்துவிட்டால் கீழ் எல்லை கிடைக்கும். இந்த இரண்டும் இருந்தால்தான் நடுவில் பார்த்த ஒளியை நானோமோலாராக மாற்ற முடியும்.

ஆனால் என்னை இன்றும் சிலிர்க்க வைப்பது வேறு. 1974-இல் ஸ்டைன்ஹார்ட், எபல் என்ற இரு விஞ்ஞானிகள் கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஏ23187-ஐச் சேர்த்தார்கள். விந்தணுவே இல்லை. ஆனாலும் கருவுறுதல் சவ்வு எழும்பியது, முட்டை விழித்துக்கொண்டது. வெளியே கால்சியம் இல்லாத நீரிலும் அதே நடந்தது. அப்படியென்றால் முட்டை தனக்குள் சேமித்து வைத்திருந்த கால்சியமே போதும் என்று ஆகிறது. ஒரு உயிர் தொடங்கும் கட்டளையை இவ்வளவு சிறிய அயனி சுமக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்டியிருக்க முடியாது. இன்று விந்தணுவை ஊசியால் செலுத்தியும் கருவுறாத முட்டைகளை இதே வகை மருந்தில் சிறிது நேரம் வைத்துப் பார்க்கிறார்கள், குழந்தைகளும் பிறந்திருக்கின்றன. விந்தணு எழுப்புவது அலை அலையான கால்சியம். மருந்து தருவது பெரும்பாலும் ஒரே ஏற்றம். அதுவும் போதுமானதாக இருப்பது பெரிய ஆச்சரியம்.

அவளிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல். குறைந்த அளவில் அயனோமைசின் வெளிச்சவ்வைத் துளைப்பதாக நினைக்கக் கூடாது. முதலில் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் எண்டோபிளாச வலையின் சேமிப்பைத்தான் காலி செய்யும். அது காலியானதும் செல்லே தன் சொந்தக் கால்வாய்களைத் திறந்து வெளியிலிருந்து கால்சியத்தை எடுக்கும். பார்க்கிற ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, வெளியில் கால்சியம் இல்லாமல் ஒரு முறை செய்து பார்ப்பது அவசியம்.

எந்தச் செல், எவ்வளவு அளவு போடுகிறாள் என்று என்னிடம் நேராகவே எழுதச் சொல். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
செல்வம்