முதல் நைட் டியூட்டிக்கு முன் என்ன படிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை மகள் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்த மாதம் பொது மருத்துவத்தில் ரெசிடென்டாக, அதாவது மேற்படிப்புப் பயிற்சி மருத்துவராக, சேரப்போகிறாள். சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்தவள், தலையணை கனத்தில் ஒரு பாடப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். முதல் 40 பக்கங்களில் வரிக்கு வரி மஞ்சள் மை. "பெரியம்மா, சேர்றதுக்குள்ள இதை முடிச்சிடணும்னு நினைச்சேன், முடியல. சீனியர்ங்க எல்லாரும் எதையும் படிக்காதே, போய் நல்லா தூங்கு, மீதியை வார்டு சொல்லிக்கொடுக்கும்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, படிக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டாள்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 29 வருடங்களாகப் பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளின் முகத்தை வருடாவருடம் பார்க்கிறேன். அவளிடம் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளப்போகும் மருத்துவமனைகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என்னையும் அன்று "வார்டு சொல்லிக்கொடுக்கும்" என்றுதான் அனுப்பி வைத்தார்கள். முதல் நைட் டியூட்டி. பதினொன்றரைக்கு லேபிலிருந்து போன். பதினேழாம் படுக்கையில் இருந்தவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன, டயாலிசிஸ் ஒரு தடவை தவறிப்போயிருந்தது. பொட்டாசியம் 6.8. இ.சி.ஜி. எடுத்தேன். டி அலைகள் கூடாரம் அடித்ததுபோல் உயர்ந்து நின்றன. என்ன பிரச்சினை, ஏன் ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொட்டாசியம் ஏறினால் இதயம் எப்படி நின்றுபோகும், கால்சியம் இதயத்தை எப்படிக் காக்கும், இன்சுலின் எப்படிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். ஆனால் கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல் கைக்கு வந்ததும் ஒன்றும் ஓடவில்லை. எத்தனை மில்லி? ஒரேயடியாகவா, மெதுவாகவா? இன்சுலின் எத்தனை யூனிட், கூடவே குளுக்கோஸ் எவ்வளவு? டியூட்டி அறைக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். விளக்கமெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. அந்தப் பதற்றத்தில் அளவு மட்டும் கண்ணில் படவில்லை. இரண்டு மாடிக்கு மேலே சீனியர் இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. முதல் நாளே ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரே என்ற பயம்.

நான் திரும்பி வந்தபோது நைட் டியூட்டி சிஸ்டர் 10 மில்லியையும் சிரிஞ்சில் எடுத்து வைத்திருந்தார். "டாக்டர், மானிட்டரைப் பார்த்துக்கிட்டே மெதுவா போடுங்க. அஞ்சு, பத்து நிமிஷம் ஆகட்டும்" என்றார். போட்டேன். அலைகள் தணிந்தன. அப்புறம் 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும் கொடுத்தோம். அப்பாடா என்று அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டேன். அதிகாலை நாலு மணிக்கு அதே மனிதர் வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடந்தார். சுகர் 42. சிறுநீரகம் கெட்டவர்கள் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்கும், கொடுத்த பிறகு பல மணி நேரத்துக்கு விடாமல் சுகர் பார்க்க வேண்டும். இது என் இரண்டு பக்கப் பதிலில் இல்லாத வரி. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார். காலையில் ராத்திரி முழுக்க ஓடியாடிப் பார்த்தீர்களே என்று எனக்கு நன்றி சொன்னார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

வார்டு சொல்லிக்கொடுக்கும் என்பது உண்மைதான், எனக்கும் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அன்றைய பாடத்துக்கு விலை கொடுத்தவர் பதினேழாம் படுக்கைக்காரர். அதனால்தான், எதையும் படிக்காமல் வா என்று புதியவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, எதைப் படிப்பது? அந்தத் தடிப் புத்தகத்தை முதலில் மூடச் சொன்னேன். அரிய நோய்களைப் படிக்க மூன்று வருடம் இருக்கிறது, அப்போது நேரமும் ஆளும் கிடைக்கும். அதற்குப் பதில், ராத்திரியில் வார்டிலிருந்து எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்று யோசித்து எழுதச் சொன்னேன். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பி.பி. இறங்கிவிட்டது, காய்ச்சல், சிறுநீர் போகவில்லை, வலிப்பு, சுகர் இறங்கிவிட்டது, ரத்த வாந்தி, பொட்டாசியம், பெரியவர் ஒருவர் பிதற்றுகிறார். பத்து தேறியது. ராத்திரி வரும் அவசரங்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம், தன் கைப்பட எழுத வேண்டும். போனிலேயே என்ன கேட்பேன், முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வேன், எந்த மருந்து, எத்தனை மில்லி, எவ்வளவு நேரத்தில், கொடுத்த பிறகு எதைக் கவனிப்பேன், எந்தக் கட்டத்தில் சீனியரைக் கூப்பிடுவேன். சேர்ந்த முதல் நாளே இதை அந்த மருத்துவமனையின் வழிமுறையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். தினம் ஓர் இ.சி.ஜி. வாசித்துப் பழகினால் அதுவே பெரிய துணை.

எதைச் செய்யக்கூடாது என்றும் அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரி வேண்டும். சோடியம் நாள்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கி 110-ல் வந்து சேர்கிற நோயாளி இருப்பார். காலை ரவுண்ட்ஸில் நல்ல எண்ணைக் காட்ட வேண்டும் என்று புதியவர்களுக்குக் கை பரபரக்கும். இப்படிப்பட்டவருக்கு 24 மணி நேரத்தில் 8, மிஞ்சினால் 10 மில்லிமோல், அதற்கு மேல் ஏற விடக்கூடாது. அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்கும் திறனும் கைகால் அசைவும் போய்விடலாம்.

பிதற்றும் முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை எங்கள் வார்டில் ஒரு பாட்டி இரவெல்லாம் சலைன் குழாயைப் பிடுங்கிப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் நல்லவன்தான், ஆனால் கைநிறைய வேலை. போனிலேயே இரண்டு தடவை தூக்க ஊசி சொல்லிவிட்டான். காலையில் நான் போய் அடிவயிற்றில் கை வைத்தேன். பந்துபோல் இறுகிக் கிடந்தது. குழாய் போட்டதும் 900 மில்லி சிறுநீர் வந்தது. மருந்து மயக்கம் தெளிந்தபின் அந்தப் பாட்டி செய்த முதல் காரியம், தன் கண்ணாடி எங்கே என்று தேடியதுதான். அந்தப் பையனைத் திட்டவில்லை, அவனையும் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்க்க வைத்திருந்தேன். வயிறு, வலி, காய்ச்சல், மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மருந்து என்று போய்ப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் என்னென்ன பார்ப்பது என்று தெரிந்திருந்தால் அவனே போயிருப்பான்.

படித்துத் தெரிந்துகொள்ள முடியாது என்று பலர் நினைக்கும் இன்னொன்று, மரணத்தைச் சொல்வது. எனக்கு அதை யாரும் கற்றுத் தரவில்லை. முதல் மாதம், விடியற்காலை மூன்று மணி, ஒரு பெரியவர் இறந்துவிட்டார். வெளியே மகன் நின்றிருந்தார். "எங்களால முடிஞ்ச அளவு எல்லாம் பார்த்தோம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "ரொம்ப நன்றிங்க டாக்டர். எப்போ வீட்டுக்கு அழைச்சிட்டுப் போகலாம்?" என்று கேட்டார். அதன் பிறகு நான் சொன்ன வார்த்தை அவர்மேல் இரண்டு மடங்கு கனத்தோடு விழுந்தது. உட்காரவைத்து, நம் பெயரைச் சொல்லி, வருத்தமான செய்தி என்று முன்னால் சொல்லிவிட்டு, "அப்பா இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பிறகு நாம் பேசாமல் இருக்க வேண்டும். இதை வீட்டில் கண்ணாடிமுன் நின்று நாலு தடவை சொல்லிப் பார்க்கலாம். முதல் தடவை நாக்கு எழாது.

அப்புறம் ஹேண்டோவர். டியூட்டி முடிந்து போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் பல விஷயங்கள் கைநழுவுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவ ரெசிடென்ட்களுக்கு இதை ஒரு முறையாகப் பழக்கியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014-ல் ஆய்வு வெளிவந்தது. புதிய மருந்து இல்லை, கருவி இல்லை. யார் மோசம், என்ன செய்தாகிவிட்டது, இரவில் என்ன நடந்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள்.

தூங்கு என்று சொல்லும் சீனியர்களை நான் மறுக்கவில்லை. ரெசிடென்ட் என்ற பெயரே மருத்துவமனையில் குடியிருந்தவர்களுக்கு வைத்ததுதான். 1889-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் அங்கே அந்த முறையை வேரூன்ற வைத்தார். அந்தப் பெயரோடு ஓயாமல் வேலை செய்வதும் ஒட்டிக்கொண்டது. 1984-ல் நியூயார்க்கில் ரெசிடென்ட்களின் கவனிப்பில் இருந்த ஒரு 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்ததை அடுத்துத்தான் ரெசிடென்ட்களின் வேலை நேரம் பற்றிக் கேள்வி எழுந்தது. அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, 2003-ல் அது அமெரிக்கா முழுக்க வந்தது. அந்த வரம்பே எவ்வளவு அதிகம் பாருங்கள். ஆகவே சேர்வதற்கு முன் கிடைக்கும் வாரங்களில் அம்மாவோடு இருங்கள், தூங்குங்கள், உங்கள் உடம்பில் தள்ளிப்போட்ட பிரச்சினை ஏதாவது இருந்தால் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். நான் சொல்வது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இரண்டு வாரம். அதற்கு மேல் வேண்டாம்.

மருத்துவமனைகளுக்கும் சொல்கிறேன். பாரத்தை முழுக்க அந்தப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் புதிய மருத்துவர்கள் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை பணியில் சேர்வார்கள். 2000 முதல் 2008 வரையிலான கணக்கைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில், அந்தப் புதன்கிழமை அவசரமாக அனுமதிக்கப்பட்டவர்களின் இறப்பு வாய்ப்பு முந்தைய புதன்கிழமையைவிட 6 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் 2012 முதல் அங்கே புதிய மருத்துவர் வேலையைத் தொடங்குமுன் குறைந்தது நான்கு நாள், சம்பளத்தோடு, பழைய மருத்துவரின் கூடவே நடந்து வேலையைப் பார்க்கிறார். நான்கு நாள். அவசர மருந்து எந்த அலமாரியில், ரத்தம் கேட்கும் படிவம் எது, ராத்திரி எந்த எண்ணுக்கு அழைப்பது, சிஸ்டர்களின் பெயர் என்ன என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதோடு, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டதற்காக யாரும் யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதை முதல் நாளே, சீனியர்களை வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாடி அவ்வளவு தூரமாக இருந்திருக்காது.

போன வாரம் கிளம்புவதற்கு முன் தங்கை மகளை அடுத்த அறைக்கு அனுப்பி, எனக்கு போன் செய்யச் சொன்னேன். நான் தூக்கத்தில் இருக்கும் சீனியர், நீ டியூட்டியில் இருக்கிறாய், பொட்டாசியம் 6.8 என்றேன். முதல் தடவை, "மேடம், சாரி மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும், இவருக்கு எட்டு வருஷமா சர்க்கரை இருக்கு..." என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. "மேடம், நாலாவது வார்டு, பதினேழாம் படுக்கை. பொட்டாசியம் 6.8, இ.சி.ஜி. மாறியிருக்கு. கால்சியம் 10 மில்லி போட்டுக்கிட்டிருக்கேன், அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும் குடுக்கிறேன், சுகரை மணிக்கொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கேன். டயாலிசிஸ் வேணும். நீங்க வரணும்."

வருகிறேன் என்றேன்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்