பொங்கல் குடும்பப் படம்: கவனத்திற்கு

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். பொங்கலன்று பெரியப்பா வீட்டுக் கூடத்தில் படம் எடுக்கிறோம். காலை 9 மணிக்கே வந்துவிடுங்கள். கிழக்கு ஜன்னலில் வெயில் நேராக விழும் நேரம் அது. வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகிவிடும். டியூப்லைட்டை யாரும் போட வேண்டாம். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம்.

பள்ளிக்கூடப் படம்போல விறைப்பாக வரிசை கட்ட வேண்டாம். பாட்டி நடுவில் நாற்காலியில்; பேரப்பிள்ளைகள் முன்னால் பாயில். பின்னால் நிற்பவர்கள் நாற்காலியை ஒட்டியே நிற்கவும், தள்ளி நின்றால் முகம் மங்கும். முன்னிருப்பவர்களின் தலைகளுக்கு இடையில் உங்கள் முகம் தெரிய வேண்டும். ஓரத்தில் நிற்பவர்கள் தோளைச் சற்று உள்நோக்கித் திருப்பவும். கண்ணாடி அணிந்தவர்கள் முகவாயைச் சிறிது தாழ்த்தினால் ஜன்னல் அதில் பளிச்சிடாது.

செல்பேசியின் அகலக்கோண லென்ஸ் வேண்டாம். ஓரத்தில் இருப்பவர்களைப் பருமனாக்கிவிடும். கேமராவை முக்காலியில் வைத்து 10 விநாடி டைமர் போடுகிறேன். ஆகவே “நான் எடுக்கிறேன்” என்று மாமா நழுவ முடியாது! யாராவது கண் மூடுவது உறுதி என்பதால் பத்துப் பதினைந்து முறை எடுப்பேன். முக்காலி இருப்பவர்கள் இங்கே சொல்லுங்கள், என்னுடையது ஆடுகிறது.