போர்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்றிருந்தால்

புதுச்சேரியில் வீடு கட்டப் போகும் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

‘இன்ஸ்டிடியூட் உறுப்பினர்’ என்று விசிட்டிங் கார்டைக் காட்டினால் லைசென்ஸ் என்று எண்ண வேண்டாம். இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் தொழில்சார் சங்கம்தான். 1917ல் பம்பாயில் ஜே.ஜே. கலைக்கல்லூரி முன்னாள் மாணவர்கள் தொடங்கியது. 1929ல் இப்பெயர் வந்தது. விரும்பினால் சேரலாம்.

ஆர்க்கிடெக்ட் என்று பதிவு தருவது வேறு அமைப்பு: 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். அதில் இன்ஸ்டிடியூட் தேர்ந்தெடுக்கும் 5 பேருக்கு இடம் உண்டு. இரண்டும் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே ‘சிஏ’, சாய்கோடு, ஆண்டு, சாய்கோடு, எண் என்ற வடிவில் பதிவெண்ணைக் கேளுங்கள். கவுன்சில் இணையதளத்தில் தட்டிப் பெயரும் செல்லுபடித் தேதியும் பாருங்கள். புதுப்பிக்க மறப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

இன்னொன்று: சட்டத்தின் 37வது பிரிவு காப்பது பட்டப்பெயரை மட்டும்தான், வடிவமைப்பு வேலையைப் பிறர் செய்வதை அது தடுக்காது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஜினியர் பிளான் போட்டால் குற்றமில்லை, ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொண்டால்தான் தப்பு. பிளானில் யார் கையெழுத்திடலாம் என்பது உள்ளூர் விதி. முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.