18.4

பாப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

உன் லேப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் ரெக்கார்டு நோட்டில் ஒரே ரீடிங், கேட்டால் சிரிக்கிறார்கள் என்று நேற்று போனில் சொன்னாய். நான் ‘ம்’ போட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

31 வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் இருந்தவன் நான். பிராக்டிகல் பரீட்சைக்குக் கரைசல் கலக்குவது நான்தான் என்பதால் விடை முன்பே தெரியும். கேட்கிற பிள்ளைகளுக்குக் காதோடு சொல்லியும் இருக்கிறேன். காசுக்காக அல்ல (டீ, வடை உண்டு, மறைக்கவில்லை). பாவம், பாஸாகட்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

ஒரு வருஷம் பெர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது குடுவையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலத்துக்கு எத்தனை மில்லி பெர்மாங்கனேட் ஆகிறது என்று அளப்பது. 18.4 மில்லி என்று சொல்லிவிட்டேன். காலை பேட்சோடு ஆக்ஸாலிக் அமிலம் தீர்ந்துபோக, மதியத்துக்கு வேறு ஒருவர் அவசரமாகக் கலந்து வைத்ததில் செறிவு மாறிவிட்டது. அது எனக்குத் தெரியாது.

மூன்றாவது மேசையில் ஒரு பெண். யாரிடமும் எதுவும் கேட்காதவள். குடுவையைச் சூடாக்கி, துளித்துளியாக விட்டு, வெளிர் ரோஸ் நிறம் கலையாமல் நின்றதும் பியூரெட்டை, அந்த அளவுக் குழாயை, மூடினாள். பெர்மாங்கனேட் கறுத்த நிறம், மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். குனிந்து, கண்ணை நேராக வைத்து, சரியாகத்தான் படித்தாள். 21.6. மறுபடி செய்தாள், அதே 21.6. பக்கத்து மேசை நோட்டை எட்டிப் பார்த்தாள், 18.4. எதிர் மேசையிலும் 18.4. முகம் செத்துவிட்டது. தான் எழுதியதை அடித்துவிட்டு 18.4 என்று எழுதினாள்.

வாஷ் பாட்டிலோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கையில் இருந்த தாளிலும் காலை கணக்கான 18.4தான். எல்லாருக்கும் நல்ல மார்க்.

நீ தீசிஸ் கொடுக்கும்போது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் ஒற்றுமை அறிக்கைக்காக எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாய்! 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதத்துக்குள் என்றால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று நீதான் எனக்கு விளக்கினாய். அந்த மென்பொருள் வாக்கியத்தைத்தான் பிடிக்கும். 18.4ஐப் பிடிக்காது.

அதனால் பிள்ளைகளைத் திட்டாதே. ஐந்து செறிவில் கரைசல் கலந்து, எண் ஒட்டி, மாற்றி மாற்றிக் கொடு. ரீடிங் விலகி வந்தாலும் வந்தபடியே எழுதுகிறவனுக்கு மார்க்கைக் குறைக்காதே. ஏன் விலகியது என்று எழுதச் சொல், அதற்கும் மார்க் போடு. முதல் மாதம் நோட்டெல்லாம் அலங்கோலமாக வரும். வரட்டும்.

அப்புறம், கலக்கும்போது நீயும் கூட நில். எண்ணை நீயே ஒட்டு, எந்த பாட்டில் எது என்று உங்கள் லேப் அசிஸ்டன்டிடம் சொல்லாதே. நல்ல மனிதராகத்தான் இருப்பார். நானும் நல்லவன்தான்.

அப்பா