நம்ம கோல்ஃப் டிரிப் கமிட்டி அண்ணங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணங்க எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டைன்னு அங்கங்க இருந்து விடிகாத்தால நாலு மணிக்கே கெளம்பி சென்னைக்கோ பெங்களூருக்கோ போயி ஆடிட்டு வர்றோம், டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்கற நேரம்) புக் பண்றதுலேர்ந்து வேன் பேசறது வரைக்கும் எல்லாம் நீங்கதான் பாக்கறீங்க, அதனாலதான் நம்ம ஸ்கோர் போடற முறைய கொஞ்சம் மாத்தணும்னு உங்களுக்கே எழுதறேன்.

போன தடவ எங்க சித்தப்பா பையன கூட்டினு வந்தேன் இல்ல, அவனுக்கு அதுதான் முதல் ரவுண்டு. நாலாவது ஹோல்ல பந்து ரெண்டு தடவ தண்ணியில போயி அந்த ஒரு ஹோல்லயே 12 அடிச்சான். அப்புறம் நிதானமா ஆடி ஏழாவதுல பார் (அந்த ஹோலுக்குன்னு வெச்சிருக்கற அடி கணக்கு) கூட போட்டான், ஆனா கடைசியில எல்லார் முன்னாடியும் மொத்தம் 131 அடின்னு படிச்சீங்க, அவ்ளோதான். வாலாஜா டோல் தாண்டற வரைக்கும் பையன் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துனு இருந்தான். இந்த தடவ வரியாடான்னு கேட்டா வேணாம்ணான்னு சொல்லிட்டான்.

மொத்த அடியையும் கூட்டி, கம்மியா அடிச்சவங்க ஜெயிக்கற இந்த ஸ்ட்ரோக் பிளே தப்புன்னு நான் சொல்லலண்ணே. ஒலிம்பிக்ஸே அப்படித்தான் நடக்குது, டோக்கியோவுல நம்ம அதிதி அசோக் நாலு நாள் ஆடி ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல மெடல விட்டாங்க, அத பாத்துட்டு எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. ஆனா அது அவங்க லெவலுக்கு. மூணு மாசமா ஆடறவனுக்கும் அதே கணக்கு வெச்சா ஒரு ஹோல்ல சறுக்குனது 18 ஹோலுக்கும் கூடவே வருது.

ஒவ்வொரு ஹோலுக்கும் தனியா பாயின்ட் போடற ஸ்டேபிள்ஃபோர்டு வெச்சா இந்த பிரச்சினையே இல்ல. ஆஸ்பத்திரி ஊரான வேலூர்க்காரங்களான நமக்கு ஒரு டாக்டர் கண்டுபிடிச்ச முறை, ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுன்னு பேரு, இங்கிலாந்துல வாலசி கிளப்புல 1932ல இத வெச்சு போட்டி நடத்துனாங்க. போகிக்கு (பார விட ஒரு அடி கூட) 1, பாருக்கு 2, பர்டிக்கு (ஒரு அடி கம்மி) 3, ஈகிளுக்கு (ரெண்டு அடி கம்மி) 4 பாயின்ட், டபுள் போகியோ (ரெண்டு அடி கூட) அதுக்கு மேலயோ போனா சைபர். புதுசா வர்றவனுக்கு 36 ஹேண்டிகேப் (ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி கழிக்கற சலுகை அடி) குடுத்தா ஹோலுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் கழியும், பார் 4 ஹோல்ல 6 அடிச்சாலே அவனுக்கு ரெண்டு பாயின்ட். ஏழு அடிச்சும் குழியில விழலன்னா பந்த கையில எடுத்துனு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம். பின்னாடி வர்ற குரூப்பும் வெயில்ல காத்துனு நிக்க வேணாம்.

ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயிச்சாங்கன்னு எண்ணற மேட்ச் பிளேயும் ஒரு தடவ வெச்சு பாருங்கண்ணே. நம்ம ஊர் வாலிபால் மாதிரி, முதல் செட்ட 25-5னு தோத்தாலும் ரெண்டாவது செட் சைபர்லேர்ந்துதானே, அதே மாதிரி 12 அடிச்சாலும் அந்த ஒரு ஹோல்தான் போச்சு. எதிராளிக்கு சின்ன 'பட்'ட (குழிக்கு பக்கத்துல இருந்து பந்த உருட்டி விடற அடி) அடிக்காமலே விட்டுக் குடுக்கறதும் இதுலதான் உண்டு. அமெரிக்காவும் பிரிட்டனும் மோதுன 1969 ரைடர் கப்ல கடைசி ஹோல்ல அமெரிக்காவோட ஜாக் நிக்லாஸ் பிரிட்டனோட டோனி ஜாக்லினுக்கு அப்படி விட்டுக் குடுத்து மொத்த போட்டியும் 16-16னு டிரா ஆச்சு. அந்த மனசு நம்ம குரூப்ல இருக்கறவங்களுக்கும் இருக்கு, அத காட்ட ஒரு ஆட்டம் வேணும்.

பொங்கலுக்கு குடும்பத்தோட போறப்ப ஸ்கிராம்பிள் போதும். நாலு பேரும் அடிச்சு, நல்லா விழுந்த எடத்துலேர்ந்து நாலு பேரும் மறுபடி அடிக்கறது. சுமாரா ஆடறவன் ஒரே ஒரு நல்ல பட் போட்டாலும் டீமுக்கு உதவும். காசு வெச்சு ஆடற ஸ்கின்ஸ் மட்டும் வேணாம், ஃப்ரெண்ட்ஷிப் கெட்டுடும்.

நான் கேக்கறது ஒண்ணுதான். ஹேண்டிகேப் எறங்குனவங்க, அதாவது நல்லா ஆடறவங்க, ஸ்ட்ரோக் பிளேவே ஆடட்டும், மத்தவங்களுக்கு அடுத்த டிரிப்லேர்ந்து ஸ்டேபிள்ஃபோர்டு போடுங்க. கார்டு நானே பிரின்ட் எடுத்துனு வரேன், கூட்டிப் பாக்கற வேலையும் என்னுது. புக்கிங் பண்றதுக்கு முன்னாடி சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, தம்பிக்கு ஒரு சீட் சேத்து போட சொல்லணும்.