ஆறு மாதக் கணக்கு எக்ஸ்ரேவுக்குப் பொருந்தாது

ஆசிரியருக்கு,

பல் நலம் பற்றிய உங்கள் கட்டுரையில் 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் எக்ஸ்ரேயும்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். பரிசோதனைக்கு அந்தக் கணக்கு பலருக்குச் சரி. எக்ஸ்ரேவுக்கு அப்படி எல்லோருக்கும் ஒரே நாள் குறிக்க முடியாது. முதலில் வாயைப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாத சந்தேகம் இருந்தால்தான் படம். நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே படம் எடுத்து வைப்பது தலைகீழ் முறை.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் 2012இல் வெளியிட்ட பரிந்துரை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. சொத்தையும் இல்லை, வரும் வாய்ப்பும் குறைவு என்றால் பெரியவர்களுக்குப் பைட்விங் படம் (கடைவாய்ப் பற்களின் இடுக்கைக் காட்டும் சிறிய எக்ஸ்ரே) 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை போதும். பதின்வயதினருக்கு 18 முதல் 36, பால்பல் உள்ள சிறுவர்களுக்கு 12 முதல் 24 மாதம். சொத்தை இருந்தாலோ வாய்ப்பு அதிகம் என்றாலோ பெரியவர்களுக்கு 6 முதல் 18, மற்ற இரு பிரிவினருக்கும் 6 முதல் 12. வாய்ப்பைக் கூட்டுபவை: மருந்தாலோ கதிர்ச் சிகிச்சையாலோ வாய் வறண்டு போவது, உணவு வேளைகளுக்கு நடுவே அடிக்கடி இனிப்பு, பல்லில் கிளிப், ஏற்கெனவே நிறைய அடைப்புகள். பால்பற்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்கும் குழந்தைக்குப் பைட்விங்கே வேண்டாம்.

அடிக்கடி எடுத்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். தாது உப்பில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகுதான் அந்த இடம் படத்தில் கருமையாகத் தெரியத் தொடங்கும். நிலைப்பல்லில் எனாமலைத் துளைத்துப் போக சொத்தைக்குப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகும். ஆகவே நல்ல பல்லை ஆறு மாதத்தில் மறுபடி எடுத்தால் அநேகமாக அதே படம்தான் வரும். பால்பல்லின் எனாமல் மெலிது, சொத்தை வேகமாக உள்ளே இறங்கும். சிறுவர்களுக்கு இடைவெளி குறைவாக இருப்பது அதனால்தான்.

எந்தப் படம் என்பதும் முக்கியம். முழுத் தாடையையும் ஒரே சுற்றில் எடுக்கும் ஓபிஜி, ஞானப்பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நல்லது. பல் இடுக்கில் தொடங்கும் சொத்தைக்கு அதை நம்பக் கூடாது. முன்கடைவாய்ப் பற்கள் அந்தப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் தெரியும். பைட்விங்கிலும் எக்ஸ்ரே குழாயின் பக்கவாட்டுக் கோணம் கொஞ்சம் பிசகினால் இதே கதிதான். இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு தெரியும், திரும்ப எடுக்க வேண்டிவரும். குழாயை நேராகப் பிடிக்க உதவும் வளையம் உள்ள ஹோல்டரில் சென்சாரை (வாய்க்குள் வைக்கும் படப்பதிவுக் கருவி) பொருத்தி எடுத்தால் இந்த வீண் கதிர்வீச்சைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அளவைச் சொல்லாமல் பயமுறுத்துவதும் தவறு. கதிரைப் படத்தின் அளவுக்குக் குறுக்கும் செவ்வக முனைக் குழாயும் டிஜிட்டல் தகடும் இருந்தால் நான்கு பைட்விங் படங்களுக்குச் சுமார் 5 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு). இயற்கையிலிருந்து ஒரே நாளில் நம்மேல் படுவதைவிடக் குறைவு. ஓபிஜிக்குச் சுமார் 14 முதல் 24. வாய் முழுவதற்கும் தனித்தனியாக எடுக்கும் படத்தொகுப்பில்தான் கருவி எப்படிப்பட்டது என்பது தெரியும்: செவ்வக முனையில் சுமார் 35, அதே தகட்டை வைத்து வட்டக் குழாயில் எடுத்தால் சுமார் 170, அதிகக் கதிர் தேவைப்படும் பழைய டி வேகப் பிலிமும் வட்டக் குழாயும் சேர்ந்தால் 390ஐ நெருங்கும். ஈய மேலங்கியைப் பற்றிக் கேட்கும் நோயாளிகள் குழாயின் வடிவத்தைக் கேட்பதே இல்லை. பல் எக்ஸ்ரேவுக்கு மேலங்கியும் கழுத்துக் கவசமும் இனி தேவையில்லை என்று அதே சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. சட்டம் கேட்கும் இடங்களில் மட்டும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் வழக்கமான பரிசோதனைக்கான கணக்கு. வலி, வீக்கம், அடிபட்ட பல், வேர்ச் சிகிச்சை என்று வந்தால் இந்த மாதக் கணக்கைப் பார்க்க வேண்டாம். கர்ப்பிணிக்குச் சீழ் கட்டியிருந்தால் படத்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

மருத்துவரை மாற்றும்போது பழைய படங்களைத் தேதியுடன் டிஜிட்டல் கோப்பாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் திரையைப் படம்பிடித்து அனுப்பினால் இடுக்குச் சொத்தை அதில் தெரியாது. புது மருத்துவர் மறுபடி எடுக்கத்தான் சொல்வார்.

இப்படிக்கு,
பல் மருத்துவ வாசகர்